பலகை இல்லாத நாற்றுக்கடை: தக்காளி வேண்டாம், மற்றதெல்லாம் வாங்கலாம்

தக்காளி நாற்று வாங்குவதற்காக இந்தக் கடைக்குப் போகாதீர்கள். மொரீசியஸில் வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது தக்காளியைத்தான் என்பதால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தக்காளி நாற்று குழித்தட்டிலேயே மூப்படைந்துவிடுகிறது. தண்டு வெளிறி நெட்டையாக நிற்கும். தட்டிலிருந்து உருவிப் பார்த்தால் வேர் அடியில் வட்டமடித்துக் கிடக்கும். நட்டால் செத்துப்போகாது. இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு நிற்கும், பிறகு கடனே என்று நாலு காய் காய்த்து ஓய்ந்துவிடும். கடைக்காரத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "தக்காளியில் எனக்கும் மனமில்லை அக்கா, கேட்கிறார்களே என்று வைத்திருக்கிறேன்" என்றார். அந்த மனமின்மை நாற்றில் நன்றாகவே தெரிகிறது.

மற்றபடி கீரை, கொடிக்காய், கத்தரி, மிளகாய், சேம்பு, முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) ஆகியவற்றுக்கு இந்தத் தீவில் இதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை. வாக்வாவிலிருந்து லா மரிப் பக்கம் போகும் சாலையில், கரும்பு வயல் முடிகிற இடத்தில் பச்சை நிழல்வலை தெரியும். பலகை கிடையாது. கடைக்கே பெயர் வைக்கவில்லை என்பதால் நானும் சொல்வதற்கில்லை. வலைக்குக் கீழே நாற்று மேசைகள். பக்கத்தில் அன்று காலையில் அறுத்த கீரையும் காயும் அடுக்கிய ஒரு மரப்பெஞ்சு. பின்னால் ஓர் அர்ப்பான், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், தோட்டம். நாற்றுக்குத் தம்பி, கணக்குக்கு அவர் மனைவி, பெஞ்சுக்கு அவருடைய அம்மா. மூவரில் கடையை நடத்துவது அம்மாதான் என்பது போய் நின்ற ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம், அவர்கள் விற்க மறுப்பதுதான். ஒருநாள் கியூர்பிப்பிலிருந்து ஓர் அம்மையார் காரில் வந்து இறங்கினார். நல்ல உயரமான முருங்கைப் போத்து மூன்று வேண்டும் என்றார். முருங்கைக்கீரையின் மகிமையை யாரோ அவருக்கு வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி போத்தைத் தொடக்கூட இல்லை. "எந்த ஊர் மதாம்?" என்று கேட்டார். ஊர்ப்பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டார். "முருங்கைக்கு உங்கள் ஊர் ஒத்துவராது. மழை விடாது, வேர் அழுகிவிடும். உங்கள் தங்கை யாராவது போர்ட் லூயிஸில் இருந்தால் அங்கே நடச் சொல்லுங்கள், நீங்கள் போய்ப் பறித்துக்கொள்ளுங்கள்." அம்மையாருக்குக் கோபம். காசு கொடுக்கிறேன், உனக்கென்ன என்கிற தோரணை. அதற்குள் பெஞ்சிலிருந்து கிழவி எழுந்து வந்து, முளைவிட்ட சௌசௌக்காய் இரண்டை அவர் கையில் வைத்தார். காயை முழுதாகப் புதைக்காமல் முளை மேலே தெரியும்படி சாய்த்து வைத்தால் போதும், கியூர்பிப் ஈரத்தில் வேலியை மூடிவிடும், காயும் தின்னலாம், கொழுந்தும் தின்னலாம் என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

எங்கள் தீவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்ட் லூயிஸ் கடலோரம். வெயில் காயும், மழை குறைவு. அங்கிருந்து இருபது கிலோமீட்டர் ஏறினால் கியூர்பிப், சுமார் 550 மீட்டர் உயரம். வெயில் என்பது விருந்தாளி. நான் இருக்கும் ரோஸ் ஹில் இரண்டுக்கும் நடுவில். ஒரே வாரத்தில் ஒரே விதையைப் போட்டால் மூன்று ஊரில் மூன்று விதமாக வரும். விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சடித்த சாகுபடிக் குறிப்பு இவை எதையும் அறியாது. அது ஐரோப்பாவிலோ வேறெங்கோ உட்கார்ந்து எழுதியது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிற அறிவுரையும் இந்த விஷயத்தில் அப்படித்தான். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பிள்ளைகளுக்கு ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பழமொழியை நம்பி இங்கே ஆடியில் வெண்டை விதைத்தால் அது மண்ணுக்குள்ளேயே தூங்கும். தென்கோளத்தில் ஆடி நடுக்குளிர்காலம். மேட்டுநிலத்தில் இரவு 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், தென்கிழக்குக் காற்று வேறு. வெண்டைக்குச் சூடான மண் வேண்டும். தம்பியின் கணக்கு வேறு: வருஷப்பிறப்பு கழிந்ததும் கோஸ், கேரட், பீன்ஸ், பீட்ரூட், புரட்டாசியில் வெண்டை, பாகல், பீர்க்கு, புடல். புரட்டாசியில்தான் எங்கள் வீடுகளில் கோவிந்தன் விரதம். மீனும் கறியும் ஒரு மாதம் கிடையாது. ஆகவே விரதச் சாப்பாட்டுக்குக் குளிர்காலத்தில் போட்ட கோஸும் பீன்ஸும் கைகொடுக்க, அதே வாரங்களில் கோடைக்கொடிகளுக்குக் குழி எடுக்கிறோம். இந்தக் கணக்கைத் தம்பியின் அப்பா சொல்லிக்கொடுத்தாராம். ஆடியில் போய் வெண்டை நாற்றுக் கேட்டால் வெண்டைத் தட்டே மேசையில் இருக்காது. பல நாற்றுக்கடைகளில் பன்னிரண்டு மாதமும் எல்லாத் தட்டும் இருக்கும். அதை வசதி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அவர்கள் முன்பு மொத்த ஏலத்துக்குக் காய் அனுப்பும் தோட்டக்காரர்கள். சில்லறைக்கு நாற்று விற்கத் தொடங்கியது 2020 ஊரடங்கில். அந்த மார்ச் கடைசியில் பல்பொருள் அங்காடிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் திறந்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று பிரித்தார்கள். எங்கள் பெயர் ஆங்கில அகரவரிசையின் பின்பகுதியில் வருவதால் எங்களுக்குப் புதனும் சனியும். வரிசையில் நின்று உள்ளே போனால் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, டப்பாக்களில் அடைத்த பட்டாணி மலைபோல் இருந்தது. ஒரு கட்டுக் கீரை இல்லை. சாப்பிடுவதில் முக்கால் பங்குக்கு மேல் கப்பலில் வருகிற நாடு இது. நல்ல மண்ணில் பெரும்பகுதி கரும்புக்குப் போகிறது. இது புதுக்கதையும் அல்ல. யுத்தகாலத்தில், 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது, கரும்பு நிலத்தில் ஒரு பகுதியில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் போட வேண்டியிருந்தது என்று என் அப்பா சொல்வார். மரவள்ளியைக் கண்டாலே அவருக்குக் கடைசிவரை ஆகாது. 2020இல் அக்கம்பக்கத்தார் தம்பியின் வேலிக்கு வெளியே ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நின்று நாற்றுக் கேட்டிருக்கிறார்கள். ஊரடங்கு முடிந்ததும் பாதிப் பேர் தோட்டத்தை மறந்துவிட்டார்கள், மீதிப் பாதி இன்னும் வருகிறது என்று அவர் மனைவி சிரிக்கிறார்.

இனி பெஞ்சு. என்னைக் கேட்டால் கடையின் உயிர் இதுதான். கிழவி விடியற்காலையில் தோட்டத்தில் இறங்கி, மணத்தக்காளியின் நுனியைக் கிள்ளுவார், அரிவாள் போடமாட்டார். நாலு விரல் நீளம், அதற்குமேல் இல்லை. கிள்ளிய இடத்தில் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்க்கும் என்பது ஒன்று. தடித்த தண்டு கட்டுக்குள் வந்து எடையை ஏமாற்றாது என்பது இன்னொன்று. தண்டுக்கீரை, பரங்கிக்கொழுந்து, சௌசௌக்கொழுந்து, முருங்கை இணுக்கு, நீர்க்கீரை, எல்லாம் வாழைநாரால் கட்டியிருக்கும். 2016இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது பல வியாபாரிகள் திண்டாடினார்கள். இந்த வீட்டில் அதற்கு முன்பும் வாழைநார்தான். கட்டைப் பிரித்துப் பார்க்கலாம், திட்டமாட்டார். நத்தை கடித்த ஓட்டை உள்ள இலைகளை உள்ளே ஒளிக்காமல் வெளிப்பக்கம் தெரியும்படியே வைத்துக் கட்டுகிறார். நான் எந்தக் கடையிலும் ஒரு காம்பை ஒடித்துப் பார்ப்பேன். சத்தத்தோடு முறிந்து, முறிந்த இடத்தில் நீர் துளிர்த்தால் அன்றைய கீரை. வளைந்து நாராக இழுபட்டால் முந்தாநாள் கீரை, மேலே தண்ணீர் தெளித்து மினுக்கியிருக்கிறார்கள். இந்தப் பெஞ்சில் முறியாத காம்பை நான் கண்டதில்லை. கட்டு 20 ரூபாய். காத்ர் போர்ன் சந்தையிலும் விலை ஏறக்குறைய இதேதான். புதனும் சனியும் அங்கே நல்ல கீரை வரும், முன்வாசல் பக்கத்து மினுமினுப்பில் மயங்காமல் உள்ளே நடக்கத் தெரிந்தால்.

இந்தக் கீரைக்கு எங்கள் தீவுச் சமையல்தான் பொருத்தம். சட்டியில் தண்ணீர் கொதிக்க வேண்டும். தட்டிய பூண்டு, தட்டிய இஞ்சி, வட்டமாக அரிந்த வெங்காயம், ஒரு காய்ந்த மிளகாய். அவை வாசம் விட்டதும் கீரையைப் போட்டு, மூடாமல், காம்பு நகத்துக்கு இடம்கொடுக்கும்வரை கொதிக்கவிட வேண்டும். கடைசியில் உப்பு. எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் விடலாம், விடாவிட்டாலும் குறையில்லை. இதுதான் புய்யோன் ப்ரேத். சோறு, மைசூர்ப்பருப்பு, கொத்தமல்லிச் சட்னி. கசப்பு மணத்தக்காளியின் குணம். அதைக் கொல்லத் தேங்காய்ப்பால் ஊற்றுகிறவர்களை நான் தடுப்பதில்லை, அவர்கள் வீட்டில் சாப்பிடுவதும் இல்லை. என் பேரன் பொட்டலத்து நூடுல்ஸை வேகவைக்கக்கூடப் பொறுமையில்லாமல் பச்சையாக நொறுக்கித் தின்கிற வகை. அவன் இந்தச் சாற்றைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கிறான். காரணம் ஆரோக்கியமெல்லாம் ஒன்றுமில்லை, இஞ்சி. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. 2021இல் அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இங்கே வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருப்பதால் எங்கள் தெருவில் இது ஒரு செய்தியே அல்ல. மாலையில் நீள ரொட்டி இரண்டை வெண்ணெயோடு முடிக்கிறவர், இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொண்டு கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறார். ரொட்டி குறைந்தது டாக்டர் சொல்லி அல்ல. வாசலுக்குப் பின்னால் கீரை தழைத்து நிற்கும்போது சமைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மருந்து அடிக்கிறார்களா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. அடிக்கிறார்கள். கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் அடிக்கிறார்கள். அடித்து எத்தனை நாள் விட்டு அறுத்தார்கள் என்று கேட்டால் தேதி சொல்வார்கள். கீரைக்கு அடிப்பதில்லை, கீரை ஓட்டையாக இருப்பதே அதற்குச் சாட்சி. பத்துக்கு எட்டு வாடிக்கையாளர்கள் இந்தப் பதிலில் சங்கடப்பட்டு, "அப்படியானால் பியோ (இயற்கை விவசாயம்) இல்லையா" என்று முகம் சுளிக்கிறார்கள். இலை படம் போட்ட ஒட்டுச்சீட்டும் மூன்று மடங்கு விலையும் அவர்களுக்கு நிம்மதி தருகிறது. எனக்கு, கோஸுக்கு அடித்தேன், கீரைக்கு அடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற ஆள் போதும். கோஸ் வேண்டாமென்றால் வாங்காமல் வந்துவிடலாம். உண்மையில் அதை வீட்டில் வளர்க்கவே நாற்று வாங்கலாம். குளிர்காலத்தில் பத்துச் செடிக்குப் புழு பொறுக்க ஒரு மனுஷி போதும், தினமும் காலையில் கால் மணி நேரம்.

கொடிக்காய் வளர்க்கிறவர்கள் இந்தக் கடையில் மறக்காமல் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. அது செடியே அல்ல. பழைய ஜன்னல் வலைத்துணியில் தம்பியின் மனைவி தைத்து வைத்திருக்கும் உறைகள். பாகலும் பீர்க்கும் இங்கே சுலபமாகக் கொடி ஓடும், பூக்கும், பிஞ்சு விடும். பிஞ்சு விரல் அளவு வந்ததும் பழ ஈ வந்து ஊசி குத்துவதுபோல் குத்தி முட்டையிட்டுவிட்டுப் போகும். வெளியே ஒரு சின்னப் பிசின் துளி மட்டும் தெரியும். நாலாம் நாள் காய் ஒருபக்கமாகக் கோணி மஞ்சளாகும்; வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். மருந்தடித்துப் பயனில்லை, புழு உள்ளே பத்திரமாக இருக்கிறது. பூ உதிர்ந்த மறுநாளே பிஞ்சை உறைக்குள் விட்டுக் காம்பில் சுருக்கைக் கட்டிவிட வேண்டும். அவர் தைக்கும் உறையின் அழகு, சுருக்குக் கயிறு ஒரு பக்கமாக மட்டும் இழுபடும். ஒரு கையால் பந்தலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கட்டிவிடலாம். அடிமுனையில் ஒரு தையலை விட்டுவைத்திருக்கிறார், மழைத்தண்ணீர் வடிய. பாகலுக்கு ஒரு சாண், பீர்க்குக்கு ஒன்றரை, புடலைக்கு முழநீளம் என்று மூன்று அளவு. ஒன்று 15 ரூபாய், துவைத்துத் துவைத்துப் பல பருவத்துக்கு வரும். புடலை உறைக்குள் சுருளாமல் இருக்க, உறையின் அடியிலேயே ஒரு கூழாங்கல் முடிச்சுப் போட்டுத் தருகிறார். தமிழ்நாட்டில் பாட்டிமார் புடலை நுனியில் கல் கட்டுவதை அவர் எங்கேயும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நாலு தலைமுறையாக வீட்டில் தமிழ் பேசாத குடும்பம், கல் மட்டும் மறக்கவில்லை.

மண்ணுக்கு வருவோம். கலவை மண் என்று மூட்டை கட்டி 150 ரூபாய்க்கு வைத்திருக்கிறார்கள். வாங்காதீர்கள். எங்கள் தீவு எரிமலைக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கல்லுக்குப் பஞ்சமில்லை. அதை மூட்டையில் போட்டுக் காசுக்கு விற்க வேண்டியதில்லை. சலித்தால் கால்பங்கு கல். இதைச் சொன்னபோது தம்பி மறுக்கவில்லை, விலையையும் குறைக்கவில்லை. அதற்குப் பதில் எக்யூம் கேளுங்கள். கரும்பு ஆலையில் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் கறுப்புச் சேறு அது, மூட்டை மலிவு. வாங்கும்போது கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னும் மக்கவில்லை, செடியின் வேரைப் பொசுக்கும்; மூலையில் குவித்து நனைத்து மூடிவைத்து இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். குளிர்ந்து, உதிரியாக, மழை பெய்த மண்வாசம் அடித்தால் அன்றே பாத்தியில் போடலாம். கோழி எருவும் உண்டு. அது மக்கியதாகவே தருகிறார்கள், ஆனால் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வது நல்லது.

புயல் சமயத்தில் இந்தக் கடை எப்படி நடந்துகொண்டது என்பதையும் எழுத வேண்டும். 2024 ஜனவரி 15, பொங்கலன்று, பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதையொட்டியே காவடிக்குக் கொடியேற்றம். பத்து நாள் விரதம். 25ஆம் தேதி தைப்பூசம். தீவில் உள்ள தமிழ்க் குடும்பமெல்லாம் காய்கறி மட்டும் சாப்பிடுகிற பத்து நாளில், காய்கறி இல்லை. கீரை அழுகிவிட்டது, கொடிகள் பந்தலோடு சாய்ந்துவிட்டன, கொத்தமல்லியைக் கேட்டால் வியாபாரி நம்மை மேலும் கீழும் பார்த்தார். அந்த வாரத்தில் ஒரு கடையில், நல்ல பழக்கமான கடைதான், ஒரு கோஸுக்கு என்னிடம் கேட்ட விலையை இங்கே எழுதினால் கற்பனை என்பீர்கள். தம்பியின் நிழல்வலை கிழிந்து கரும்புக்குள் கிடந்தது. பாதித் தட்டுகள் கவிழ்ந்துவிட்டன. மிஞ்சிய நாற்றுகளை அதே பழைய விலைக்கு, ஆளுக்கு இவ்வளவுதான் என்று எண்ணிக் கொடுத்தார்கள். காலிஃபிளவர் கேட்டவருக்குக் கிழவி தண்டுக்கீரை விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்: "கோபப்படாதே தம்பி, இது நாலு வாரத்தில் தட்டுக்கு வரும்." பெஞ்சில் அன்று இருந்தவை மண்ணுக்குக் கீழே புயலுக்குத் தப்பியவை மட்டும்: சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி. அந்த வருடம் எங்கள் வீட்டு விரத இலையில் விழுந்த கறிகளில் கிழங்கே முன்னால் நின்றது. அப்பா இருந்திருந்தால் இலையை மடக்கியிருப்பார். அதன்பிறகு என் பின்வாசலில் சேம்புக்கு ஒரு மூலை நிரந்தரம். இலையும் தின்னலாம், தண்டும் தின்னலாம், கிழங்கும் தின்னலாம். காற்றுக்குப் படுத்துவிட்டு மறுவாரம் எழுந்துகொள்ளும். ஈரம் தேங்குகிற இடம் எங்கே என்று மட்டும் தம்பி கேட்பார். துணி துவைக்கும் கல்லின் ஓரம் என்றேன். "சோப்புத் தண்ணீர் போகாத பக்கமாக வையுங்கள்" என்றார்.

குறைகளும் இருக்கின்றன. எந்தத் தட்டிலும் பெயர்ச்சீட்டு கிடையாது. எல்லாம் தம்பியின் தலைக்குள். அவர் இல்லாத நேரத்தில் போனால் நீளக் கத்தரி என்று வாங்கியது உருண்டையாகக் காய்க்கும். எனக்கு அது நடந்தது. உருண்டைக் கத்தரி சுட்டுத் துவையலுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் கேட்டது அது அல்ல. ஒரு வாசகம் எழுதி ஒட்டுவதற்கு என்ன கஷ்டம் என்று கேட்டால், மழையில் அழிந்துவிடுகிறது என்கிறார். பென்சிலால் எழுதுங்கள், அழியாது என்று பள்ளிக்கூடத்துப் பென்சில் ஒரு கட்டே கொடுத்திருக்கிறேன். பென்சில்கள் இன்னும் கணக்குப் பெட்டிக்குள் கட்டவிழாமல் இருக்கின்றன. மிளகாய் நாற்று நல்ல நாற்று, ஆனால் காரம் எவ்வளவு என்று கேட்டால் மூவரும் மூன்று பதில் சொல்வார்கள். அதிகம் சொல்கிறவரை நம்புங்கள். அட்டை செல்லாது, கைபேசியில் பணம் அனுப்புகிறேன் என்றால் மனைவி மட்டும் ஒத்துக்கொள்வார். நாய் ஒன்று உண்டு. குரைப்பதோடு சரி.

கீரை நாற்று ஒன்று 3 ரூபாய், கத்தரியும் மிளகாயும் 5, முருங்கைப் போத்து 50. போத்து வாங்கினால் அடிப்பக்கம் எது என்று அடையாளம் வைத்துத் தரச் சொல்லுங்கள். காரில் உருண்டு வந்தபின் இரண்டு முனையும் ஒன்றுபோலவே இருக்கும். நாற்று வாங்க வருகிறவர்கள் அட்டைப்பெட்டி கொண்டுவர வேண்டும், செய்தித்தாளில் சுற்றித் தருவதுதான் அவர்கள் வழக்கம், காத்ர் போர்ன் போக்குவரத்தில் நிற்கும்போது அது வாடிவிடுகிறது. வாங்கிய அன்றே நடாமல் இரண்டு நாள் அரைநிழலில் வைத்து வெயிலுக்குப் பழக்கிவிட்டு, மாலையில் நடுங்கள். நட்ட இரவே கூர்பா நத்தை வரும். டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் கிடையாது என்பது தம்பியின் கட்சி. சாம்பலைச் சுற்றித் தூவினால் போதும் என்பது கிழவியின் கட்சி. மழை பெய்கிற இரவில் சாம்பல் கரைந்துவிடுவதால் நான் தம்பி கட்சி.

கடை செவ்வாய் முதல் சனி வரை, காலை ஏழு மணிக்கெல்லாம் திறந்துவிடும். பஸ்ஸில் வருகிறவர்கள் வாக்வாவில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். நடத்துநரிடம் நாற்றுக்கடை என்றால் போதும், நிறுத்துவார். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் போகிறவர்களுக்குப் பெஞ்சில் சௌசௌவும் கிழவியும்தான் மிச்சம்.